ஓடின வண்டியா, நின்ன வண்டியா

செப்டம்பர் 21, 2025, ஞாயிறு

வீட்டில் இப்போது ஏழு பேர். மாமா, அத்தை, ராமநாதபுரத்தில் கல்லூரி படிக்கும் நாத்தனார், நாங்கள் இருவர், ஒன்றாம் வகுப்புப் பையன், ஐந்து மாதப் பாப்பா. ராமநாதபுரம் பக்கம், கடலோர உச்சிப்புளியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பதோ ஒரு ஆல்டோ. மாமாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு மதுரை கூட்டிப் போனால் பாதிப் பேர் காரில், பாதிப் பேர் ரயிலில். ஆக, ஏழு சீட்டர் ஒன்று, பழையது, ஏழு லட்சத்துக்குள் வேண்டும். ஆல்டோவை விற்கிற பேச்சே இல்லை. பிரசவ விடுப்பு முடிந்து பள்ளிக்கூடம் போக எனக்கு அதுதான்.

நாளையிலிருந்து ஜிஎஸ்டி குறைகிறது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் என்றால் இனி 18 சதவீதம்தான். "அப்ப புதுசே எடுத்துருவோமே" என்றார் இவர். ஏழு சீட்டரில் ரெனோ ட்ரைபர் இந்த வரம்புக்குள் வருகிறது. மாருதி எர்டிகாவும் ஏழு சீட்டர்தான், ஆனால் 4 மீட்டரைத் தாண்டிய வண்டி, அதற்கு இந்தச் சலுகை இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள புதுக் காருக்கு ஆயுள் வரி மட்டும் 13 சதவீதம். இன்சூரன்சையும் சேர்த்தால் எங்களுக்குப் பிடித்த மாடல் கையை மீறிப் போகிறது. பழைய வண்டியில் அந்த வரியை முதல் ஆளே கட்டிவிட்டிருப்பார்.

புதுசு விலை இறங்கினால் பழசும் இறங்கித்தானே ஆகவேண்டும்? இன்று போனில் பேசிய புரோக்கர்கள் யாருக்கும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை போல.

செப்டம்பர் 28, ஞாயிறு

கீழக்கரையில் ஒரு வெள்ளை டீசல் வண்டி. 2018 மாடல், ஒரே ஓனர், ஓடியது வெறும் 22,000 கிலோமீட்டர். ஓனர் துபாயில். பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது, சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட உரிக்கவில்லை. இவருக்கு அங்கேயே மனசு விழுந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை போனதை நான் பார்த்தேன்.

ஆல்டோவை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனையும் கூட்டிப் போயிருந்தோம். அவர் இன்ஜின் பக்கமே போகவில்லை. ஒரு சாக்கை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் "டீச்சர், இங்க குனிஞ்சு பாருங்க" என்று கூப்பிட்டார். கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டின் அடி விளிம்பில் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக இருந்தது. கட்டைவிரலால் ஒன்றை அமுக்கினார். பொரபொரவென்று உதிர்ந்து, உள்ளே பழுப்பு நிறத் தகடு தெரிந்தது. அடுத்து கதவைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைக் காட்டினார். மழைத்தண்ணீர் வடிய அங்கே சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்களாம். நான் இதுவரை பார்த்ததே இல்லை. எல்லா ஓட்டையிலும் மணல் அடைத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒன்றைக் குத்தியதும் கலங்கல் தண்ணீர் கொஞ்சம் ஒழுகியது. மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று! அந்தத் தண்ணீர் கதவுக்குள்ளேயே நின்று தகட்டை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்குகிறது. அதை இறக்கும் போல்ட் துருவில் இறுகிப்போய் அசையவே இல்லை. ஏர் ஃபில்டர் மூடிக்குப் பக்கத்தில் எலிக்கூடு. டயரின் பட்டன் எல்லாம் புதுசு போலத்தான் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் முடி முடியாக வெடிப்பு. டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். இதில் 1118. அதாவது 2018-இன் பதினோராவது வாரத்தில் செய்த டயர், ஓடாமலே கிழடு தட்டிவிட்டது.

"ஓடாத வண்டி நல்ல வண்டின்னு மதுரைக்காரன் சொல்லலாம்" என்றார் அண்ணன். "இங்க நின்னாத்தான் டீச்சர் கேடு. ஓடுற வண்டில சூட்டுக்கும் காத்துக்கும் ஈரம் காஞ்சிரும். நிக்கிற வண்டில ஒட்டுன உப்பு ராத்திரி பூரா பனிய இழுத்து வச்சு இரும்பத் தின்னும். இதுல வாரா வாரம் போர் தண்ணில கழுவியிருக்காங்க. அதுவும் உப்புதான்."

வாட்ச்மேன் பாவம், நன்றாகப் பார்த்துக்கொள்வதாக நினைத்துத்தான் கழுவியிருக்கிறார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆல்டோவுக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். மாமா பூசணிக்காய் உடைத்தார்.

மத்தியானம் பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாக வந்த எர்டிகாவிலும், நாத்தனாரின் தோழி வீட்டு ட்ரைபரிலும் எல்லாரையும் ஏறி இறங்கச் சொன்னேன். இதை முன்பே செய்திருக்கலாம் என்று அத்தை சொன்னார். மூன்றாவது வரிசையில் யார் உட்காருவது என்பதுதான் இந்த வீட்டின் உண்மையான பிரச்சினை. மாமாவுக்கு முட்டி மடங்காது, அதனால் அவருக்கு முன் சீட். அத்தை பின் வரிசைக்கு ஏறிவிட்டார், இறங்கத்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் அது நாத்தனாருக்கும் பையனுக்கும் என்று முடிவாயிற்று. நாத்தனார் முகம் சரியில்லை.

ட்ரைபரில் மூன்றாவது வரிசை சீட்டுகளைத் தனியே கழற்றி வீட்டில் வைத்துவிடலாம், அப்போது டிக்கி 625 லிட்டர். நல்ல வசதிதான். ஆனால் ஏழு பேரும் உட்கார்ந்தால் மிஞ்சுவது 84 லிட்டர். 2018 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை எர்டிகாவில் அதே நிலையில் 209 லிட்டர் இடம். எங்கள் வீட்டில் மதுரைக்குப் போனால் பெரியம்மாவுக்கு மீன் போகும், மீன் போனால் ஐஸ் பெட்டி போகும். அதோடு பாப்பாவின் பை, மாமாவின் மடக்கு நாற்காலி. 84 லிட்டரில் ஐஸ் பெட்டி மட்டும்தான் உட்காரும். ட்ரைபரின் 1 லிட்டர் இன்ஜினும் ஏழு பேரோடு ஏசியும் போட்டால் கொஞ்சம் திணறும் என்று ஓட்டிய பெண்ணே சொன்னாள்.

நாங்கள் பார்த்த ஏழு சீட் மாருதி ஈகோ வேனில் ஏசி இல்லை. பாப்பாவை வைத்துக்கொண்டு மே மாதம் பரமக்குடியைத் தாண்டிப் பாருங்கள், தெரியும்.

இன்னொரு கட்டுப்பாடு நானே வைத்தது. டிரைவருக்கு ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்துதான் எல்லாக் காருக்கும் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கும் சேர்த்துக் கட்டாயமானது 2022 ஜனவரியில். அதற்கு முந்தைய வண்டி என்றால் வாங்கும் மாடலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டாம் தலைமுறை எர்டிகாவில் ஆரம்பத்திலிருந்தே இரண்டும் உண்டு, குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியும் உண்டு. எனவே அதுதான். இவர் "கலர்?" என்றார். பதில் சொல்லவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

புரோக்கர் ஒருவர் ராமநாதபுரம் பைபாஸ் பக்கம் காட்டிய வண்டி. டிஎன் 69, தூத்துக்குடிப் பதிவு. விலை சந்தையைவிட நன்றாகவே குறைவு. அங்கேயே சந்தேகம் வரவேண்டும்.

புரோக்கர் எல்லாப் பதிலையும் இவரைப் பார்த்தே சொன்னார். கேள்வி கேட்பது நான். "மைலேஜ் என்ன தருது?" என்று நான் கேட்டால் "சார், பதினேழு கன்ஃபார்ம் சார்" என்று பதில் இவரிடம் போகும். இவருக்கே ஒரு கட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே ஏறினால் மல்லிகை வாசனை ஸ்பிரே மூக்கைத் துளைத்தது. அண்ணன் சொல்லி அனுப்பியபடி சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தேன். இழுக்க இழுக்க வந்து, கடைசி ஓரடியில் சேற்றுக் கோடு. அதற்குக் கீழே பெல்ட் வேறு நிறம். 2023 டிசம்பர் 17, 18-இல் அந்தப் பக்கம் வந்த வெள்ளம் யாருக்கு மறக்கும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. கார்கள் தெருவோடு மிதந்ததை டிவியில் பார்த்தோமே. தரைவிரிப்பை மாற்றலாம், சீட்டைத் துவைக்கலாம், பெல்ட்டின் சுருளுக்குள் யாரும் கை விடுவதில்லை.

"பெல்ட்டை எல்லாம் யாரு மேடம் இப்படி இழுத்துப் பாப்பா?" என்றார் புரோக்கர். முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

அக்டோபர் 12, ஞாயிறு

பரமக்குடி. 2019 எர்டிகா, பெட்ரோல், 91,000 கிலோமீட்டர். ஓனர் ஜவுளி வியாபாரி, மதுரைக்கும் பரமக்குடிக்கும் ஓட்டிக்கொண்டே இருந்த வண்டி. 91,000 என்றதும் இவர் முகம் சுண்டியது. எனக்கோ அந்த எண்தான் பிடித்தது. கடலிலிருந்து தள்ளி, ஓடு போட்ட ஷெட்டில், தினம் ஓடிய வண்டி.

காலை ஏழு மணிக்கே வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள் என்று சொல்லியிருந்தோம். சூடான இன்ஜினில் பல நோய்கள் தெரியாது என்பார் அண்ணன். குளிர்ந்த இன்ஜின் ஒரே சாவியில் பிடித்தது, சைலன்சரில் நீலப்புகை இல்லை. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து கையை வைத்துப் பார்த்தார், உள்ளிருந்து காற்று முட்டவில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தார், அடுத்து மறுபக்கம். கடக் கடக் சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயிண்ட் போயிற்று என்று அர்த்தமாம். வரவில்லை. பிறகு மறுபடியும் சாக்கு, டார்ச். ரன்னிங் போர்டில் கட்டைவிரல் போனது. ஸ்டெப்னி போல்ட் சுற்றியது.

இடது பின்கதவில் மட்டும் காந்தம் ஒட்டவில்லை, பட்டி பார்த்திருக்கிறார்கள். ஓனர் மறைக்காமல் "பைக்காரன் ஒருத்தன் இடிச்சுட்டான்" என்று பில்லையே எடுத்துக் காட்டினார். சர்வீஸ் பில்களில் கிலோமீட்டர் படிப்படியாக ஏறி வந்து மீட்டரோடு பொருந்துகிறது. மீட்டரைத் திருப்பலாம், ஆறு வருடத்து மங்கிய பில்லை எல்லாம் திருப்பமுடியாது.

கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்கிறது. முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். அதைச் சொல்லி, ஜிஎஸ்டியையும் சொல்லி, 7,40,000-லிருந்து 6,85,000-க்கு வந்தோம். பேரம் பேசியது அத்தை. ஜவுளிக்காரரிடமே பேரம் பேசி வென்றதை ஊர் முழுக்கச் சொல்லப் போகிறார்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. பணம் கொடுக்கும் முன் மழை வந்தது நல்லதுதான், கண்ணாடி ரப்பர் எதுவும் ஒழுகவில்லை என்று தெரிந்தது.

பேப்பர் வேலை. வண்டிப் பதிவு விவரம் பார்க்கும் பரிவாகன் அரசுத் தளத்தில் நம்பரைப் போட்டதில் வங்கிக் கடன் இன்னும் வண்டியின் பேரில் நிற்கிறது. கடனை முடித்து ஒரு வருடம் ஆயிற்றாம், பதிவில் ஏறிய கடன் குறிப்பை (எச்.பி.) கேன்சல் பண்ணவே இல்லை. வங்கியின் தடையின்மைச் சான்றும் அந்தக் குறிப்பை நீக்கும் படிவம் 35-உம் வரும்வரை பாக்கித் தொகையைக் கொடுக்கமாட்டோம் என்றோம். கூடவே வேகமாகப் போனதற்கான அபராதம் ஒன்று நிலுவையில். அதை ஓனரே கட்டினார். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. அதே மாவட்டம், அதே டிஎன் 65 என்பதால் வேறு ஊர் அலுவலகத்துக்கு அலைச்சல் இல்லை.

இன்சூரன்சை 14 நாளுக்குள் நம் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நிறையப் பேர் ஆர்சி (பதிவுச் சான்று) மாறினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பழைய ஓனருடைய நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, நமக்கு வராது. அது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. அந்த வித்தியாசத்தை நாம்தான் கட்ட வேண்டும். பட்ஜெட்டில் இதற்கும் ஒரு தொகை வையுங்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு

தீபாவளிக்கு முந்தின நாள் வண்டி வீட்டுக்கு வந்தது. நேற்று அடிப்பக்கத்தில் துருப் பிடிக்காமல் பூசும் அண்டர் கோட்டிங் முடிந்தது. அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவிட்டு அடிக்கச் சொன்னோம். ஈரத்தோடு அடித்தால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். கதவின் வடிகால் ஓட்டைகளில் கோட்டிங் அடைத்துவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். ரேடியேட்டருக்குக் கூலன்ட் மட்டும், போர் தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றக்கூடாது என்று உத்தரவு.

கழுவுவதற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்றேன். அத்தைக்கு வந்ததே கோபம். "குடிக்கிற காவிரித் தண்ணிக்கே குடத்த வரிசையில வச்சுட்டு நிக்கிறோம், வண்டிக்கு ஊத்தவா?" நியாயம். இப்போதைக்கு மழைக்காலம், மொட்டைமாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கிறோம். கோடைக்கு வேறு வழி பார்க்கவேண்டும்.

எங்கே நிறுத்துவது என்று மாமா காலையெல்லாம் யோசித்தார். உச்சிப்புளிக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காற்று அடித்தாலும் உப்பு, கச்சான் காற்று அடித்தாலும் உப்பு. கடைசியில் வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே தகரம் போட்ட இடம். கவர் போடவில்லை. உள்ளே ஈரம் புழுங்கும், மணல் உரசும்.

நவம்பர் 2, ஞாயிறு

முதல் பஞ்சர், சீமைக்கருவேல முள். இந்த மாவட்டத்தில் இதற்குத் தப்பிய டயர் உண்டா? ஸ்டெப்னியை இவரே இறக்கி மாற்றினார். பஞ்சர் கடைக்காரர் உருவிய முள்ளைப் பையன் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான்.

பின் வரிசையில் ஏசி காற்று வருகிறது என்று கண்டுபிடித்த பிறகு நாத்தனார் சமாதானம். புது ஆர்சி தபாலில் வரும் என்றிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. இன்சூரன்ஸ் மாறிவிட்டது.

எர்டிகாவுக்கு இவ்வளவு பார்த்துவிட்டு ஆல்டோவை அப்படியே விடுவதா? இத்தனை வருடமாக வாசலில் வெயிலிலும் காற்றிலும் நின்ற வண்டி. செவ்வாய்க்கிழமை கொண்டுவாங்க, தூக்கிப் பாத்துருவோம் என்றார் அண்ணன்.