உடஞ்ச ஷாஃப்ட்டை காயலாங்கடைக்கு போட்டுடாதீங்க

ஜூன் 12 நெருங்குது, மேட்டூர் தொறக்கப் போறாங்கன்னு பேச்சு வந்தாலே மன்னார்குடி பக்கம் லேத் பட்டறைங்கள்ல உடஞ்ச ரொட்டவேட்டர் ஷாஃப்ட்டு, பம்ப் ஷாஃப்ட்டுன்னு (சுத்தற தண்டுங்க) வந்து குவிஞ்சிடும். "அண்ணே அவசரம், இதே அளவுல ஒண்ணு கடஞ்சு குடுங்க", அவ்ளோதான். எந்த இரும்புன்னு கேக்கறதில்ல, உடஞ்ச துண்டு நேரா எடைக்குப் போயிடுது. எனக்கு இது மனசே ஆறல, ஏன் உடஞ்சுதுன்னு சொல்லப்போறதே அந்தத் துண்டுதாங்க.

கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காம மண்ணெண்ணெய்ல கழுவி, உடஞ்ச பக்கத்தை வெயில்ல சாய்ச்சுப் பாருங்க. ஒரு பக்கம் வழவழன்னு, அலை வந்துட்டுப் போன மணல் மாதிரி வளைவு வளைவா கோடு, மிச்சம் சொரசொரன்னு இருந்தா அது ஃபெட்டீக், அதாவது திரும்பத் திரும்ப லோடு ஏறி எறங்கி உலோகம் அசந்து உடையறது. ஒரே அடில உடையல, ரொம்ப நாளா உள்ளுக்குள்ள வெடிப்பு வளந்திருக்கு. வளைவுக எந்தப் புள்ளில ஆரம்பிக்குதோ அங்கதான் வெடிப்போட வேரு, பாதி நேரம் அது கீவே (சாவிக்கட்டை உக்கார வெட்டின பள்ளம்) மூலையா இருக்கும், இல்லன்னா தடிமன் மாற படி கடஞ்ச எடத்துல ரேடியஸ், அதாவது உருண்ட வளைவு, விடாம கூரா விட்ட மூலை. சொரசொர பாகம் சின்னதா இருந்தா லோடு அதிகமில்லன்னு அர்த்தம். அப்ப எவ்ளோ ஒசந்த ஸ்டீல் போட்டாலும் அந்த மூலையை உருட்டாம விட்டா திரும்ப அங்கயேதான் போகும்.

சரி, இரும்பே தப்புன்னா? இஎன்8ன்னு (ஷாஃப்ட்டுக்குப் போடற மீடியம் கார்பன் ஸ்டீல்) காசு வாங்கிட்டு எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், கார்பன் கம்மியான சாதா இரும்பு) ராடு குடுக்கறது நடக்குது. கிரைண்டிங் வீல்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, எம்எஸ்ல பொறி நீளமா கோடா போகும், இஎன்8ல கார்பன் 0.4 சதவீதம் பக்கம் இருக்கறதால நுனில பூப்பூவா வெடிக்கும். இது சந்தேகத்துக்கு மட்டும்தான், முடிவு வேணும்னா ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் (இரும்புல என்னென்ன எவ்ளோ கலந்திருக்குன்னு மெஷின்ல பாக்கறது), பிஹெச்இஎல் கொதிகலன் ஆலையை நம்பி பட்டறைங்க வளந்த ஊருங்கறதால திருச்சில அதுக்கு லேப் கெடைக்கும், ஒரு சின்னத் துண்டு போதும்.

ஆனா கலவை சரியா இருந்தா போதாது, ஹீட் ட்ரீட்மெண்ட் (சூடுபண்ணி ஆறவச்சு பலமாக்கறது) பண்ணாங்களான்னு அந்த டெஸ்ட் சொல்லாது. இஎன்8 'ஆர்' கண்டிஷன்ங்கற ஹீட் ட்ரீட்மெண்ட் நிலைல இருந்தா, கெட்டியை அளக்கற பிரினெல் ஸ்கேல்ல 201லேந்து 255 வரணும். ரிப்போர்ட்ல ராக்வெல் சிங்கற இன்னொரு ஸ்கேல்ல 12, 15ன்னு போட்டிருந்தா ஒத்துக்காதீங்க, 20க்குக் கீழ அந்த ஸ்கேலை நம்பக்கூடாது, பிரினெல்ல எடுத்துத் தரச் சொல்லுங்க. கெட்டியா இருந்தா நல்லதுன்னும் இல்ல, கெட்டியாக்கினப்புறம் மிதமா சூடுபண்ணி டெம்பர் பண்ணாம விட்டா கண்ணாடி மாதிரி ஒடையும்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துக்காரங்களுக்கு இன்னொண்ணு. காந்தம் ஒட்டினா டூப்ளிகேட் ஸ்டெயின்லெஸ்னு சொல்றாங்களே, அது தப்பு. ஸ்டெயின்லெஸ்ல நம்பர் போட்ட ரகங்க இருக்கு, சப்மெர்சிபிள் (தண்ணிக்குள்ள எறக்கற மோட்டார்) ஷாஃப்ட்டுக்குப் போடற 410 நல்லாவே ஒட்டும், மட்டமான 202 பெரும்பாலும் ஒட்டாது. உப்புத் தண்ணில 202 சீக்கிரம் குழி விழும், 304ம் தாக்குப்பிடிக்கறது கஷ்டம், மாலிப்டினம் கலந்த 316 கேளுங்க. வாங்கறப்பவே ஹீட் நம்பர் (ஒரே உருக்குல வந்த தொகுதிக்கு ஆலை குடுக்கற நம்பர்) போட்ட மில் சர்டிபிகேட்டையும், அதாவது ஆலையோட டெஸ்ட் பேப்பரையும் கேளுங்க, ராடுல அடிச்ச நம்பரும் பேப்பர்ல உள்ள நம்பரும் ஒண்ணான்னு கடையிலயே நின்னு பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும்.