மூன்றரைக் கட்டை

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்த புதிதில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் குடியிருந்த வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை பஜனைக்குக் கூப்பிட்டார்கள். இடம் கார் ஷெட். காரை வெளியே தள்ளிவிட்டுப் பாய் விரித்து, பெருமாள் படத்துக்கு மாலை போட்டால் கோயில் தயார். ஆர்மோனியம், டோலக், ஜால்ரா, ஒரு கிட்டார். ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம், ஜெராக்ஸ் எடுத்துச் சுருள் கம்பி போட்டது.

"நாற்பத்து மூணாம் பக்கம்" என்றார் ஆர்மோனிய மாமா. பாதிப் பேர் பிள்ளையாரைக் கூப்பிட, மீதிப் பேர் மங்களம் பாட ஆரம்பித்துவிட்டார்கள். விசாரித்தால், புத்தகம் மூன்று தடவை ஜெராக்ஸ் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் யாரோ நடுவில் நாலு பாட்டைச் செருகியிருக்கிறார்கள்.

"இதுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதித் தரட்டுமா ஆயா?" என்று அந்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டுத் தொலைத்தேன். எழுதுவது என் பிழைப்பு. வாயைக் கொடுத்தது என் விதி.

முதல் சிக்கல் எழுத்து. ஆயாவையும் மாமாவையும் விட்டால் அங்கே தமிழ் வாசிக்கிறவர்கள் இல்லை. மற்றவர்களுக்குத் தமிழ்ப் பாட்டு ஆங்கில எழுத்தில் வேண்டும். 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள் இவர்கள். ஆங்கிலக் காகிதத்தில் ஏறியபோதே முதலியார் மூட்லி ஆகிவிட்டார், கவுண்டர் கோவெண்டர் ஆகிவிட்டார். ஆட்களுக்கே இந்தக் கதி என்றால் ழகரத்தை யார் காப்பாற்றுவது? "பெருமாளே, வழி காட்டு" என்று உருகிப் பாட வேண்டிய இடத்தில் முப்பது பேர் "வலி காட்டு" என்று கேட்டார்கள். கேட்டது எனக்குத்தான் கிடைத்தது.

முதல் வடிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் இத்தனை நொடி என்று கணக்கு வைத்திருந்தேன், கரோக்கியில் வருவதுபோல. ஆயா ஒரு வரியைப் பாடுவார், கூட்டம் திருப்பிப் பாடும். வரி அவருக்குப் பிடித்துவிட்டால் மூன்று தடவை, நாலு தடவை. மனசு நிறைந்தால்தான் அடுத்த வரி. அவர் பல்லவியைத் தாண்டுவதற்குள் திரையில் பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் பாதி ஓடியிருந்தது.

"ஏன் தம்பி, உன் பெட்டிக்கு என்ன அவசரம்? பஸ் பிடிக்கணுமா?"

சரி, அலங்காரமாவது செய்வோம் என்று, பாடப் பாட எழுத்து நிறம் மாறுகிற மாதிரி எழுதினேன். நமக்கு 'பொ' ஒரே எழுத்து. கணினிக்கு அது இரண்டு: ஒரு பகரம், ஓர் ஒகரக் குறி. என் நிரல் இரண்டுக்கும் நடுவில் கத்தி வைத்தது. உடம்பு இல்லாத உயிர்க்குறியைத் திரை ஒரு புள்ளி வட்டத்தின் மேல் உட்காரவைத்துக் காட்டும். பாட்டு முழுக்கப் புள்ளி வட்டமாகப் பொரிந்தது. எதிர்வீட்டு அக்கா, அந்த வட்டம் வரும்போதெல்லாம் கை தட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு விடாமல் தட்டினார். கொடுமை என்னவென்றால் சில இடங்களில் தாளம் சரியாகவே விழுந்தது. எழுத்தைக் குறியோடு சேர்த்து வெட்டும் கருவி பிரவுசரிலேயே தயாராக இருந்ததை அப்புறம்தான் கண்டுபிடித்தேன்.

இதையெல்லாம் மன்னித்துவிட்டார்கள். மன்னிக்காதது சுருதி.

பாட்டின் சுருதியை மாமா ஆர்மோனியக் கட்டைக் கணக்கில் சொல்வார், கிட்டார் பையனுக்கு ஆங்கிலப் பெயர் வேண்டும். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு என்றால் டி. நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டை ஒன்றரை. சுலபம்தானே என்று, ஒவ்வொரு கட்டைக்கும் பிறகு ஓர் அரையைப் போட்டு, ஒன்று முதல் ஏழரை வரை பட்டியல் செய்தேன். பதினான்கு. அந்த எண் அப்போது என்னை உறுத்தவே இல்லை.

பெண்கள் வரிசைக்காக மாமா ஐந்து கட்டையில் பிடித்தார். பையன் என் திரையைப் பார்த்து வாசித்தான். இரண்டும் சேர்ந்தபோது தெருநாய் ஒன்று குரைத்தது. ஆயா கண்ணை மூடிக்கொண்டார், பக்தியால் அல்ல.

மாமா என் திரையை எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "தம்பி, இது என்ன, மூன்றரைக் கட்டை?"

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல மாமா..."

என் விரலைப் பிடித்து ஆர்மோனியத்தில் வைத்தார். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டையே இல்லை. ஏழுக்கு அப்புறமும் இல்லை. ஊரில் இருப்பது மொத்தம் பன்னிரண்டுதான். நான் இல்லாத மூன்றரைக்கு இடம் ஒதுக்கியதால், நாலிலிருந்து எல்லாமே அரைச் சுருதி ஏறி உட்கார்ந்திருந்தன. அன்றிலிருந்து அந்தத் தெருவில் என் பெயர் மூன்றரைக் கட்டை. கடைக்குப் போனாலும் அதுதான்.

கடைசியில் கணக்கையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு பொத்தான் வைத்தேன். அமுக்கினால் எல்லார் கைபேசியிலும் அடுத்த வரி வரும். அமுக்குகிறவன் ஆயாவின் ஒன்பது வயதுக் கொள்ளுப்பேரன். ஆயா மூச்சு வாங்கும் விதத்தை வைத்தே வரி மாறப்போவது அவனுக்குத் தெரிந்துவிடும். இத்தனை கட்டைகளில் எனக்குக் கைகொடுத்தது அவன் கட்டைவிரல்தான்.

அது 2023, மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம். அட்டவணை பார்த்துத்தான் குளிப்பதே. அதனால் நிரலை 'ராஸ்பெர்ரி பை' என்கிற குட்டிக் கணினியில் ஏற்றி, பவர் பேங்கில் மாட்டி, அதையே வைஃபையாகவும் ஆக்கியிருந்தேன். அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் சில கைபேசிகள் தாமாகவே கழன்றுகொள்ளும். ஒவ்வொருவர் கைபேசியிலும் மொபைல் டேட்டாவை அணைக்க, கண்டக்டர் மாதிரி வரிசை வரிசையாகக் குனிந்து போனேன்.

எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. கிட்டார் ஆம்ப் செத்தது. ஆர்மோனியத்துக்குக் காற்று போதும். இருட்டில் முப்பது கைபேசி வெளிச்சத்தில் முப்பது முகம், எல்லாவற்றிலும் ஒரே வரி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மாமா தானே கட்டிய பாட்டை எடுத்தார்.

"மலை ஏறி வந்தோம் பெருமாளே, கதவைத் திற."

இரண்டு தடவை பாடினார்கள். மூன்று, நாலு. வரி மாறவில்லை. திரையில் இருப்பதைத்தான் பாட வேண்டும் என்று அத்தனை வாரமாகக் கெஞ்சியவன் நான். எட்டாவது தடவை கூட்டத்துக்கு ஆவேசமே வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் பையன் இல்லை.

ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் குழம்பு ஊற்றிய 'பன்னி சௌ' என்கிற டர்பன் பலகாரத்தின் வாசம் சமையலறையிலிருந்து வந்தது. உள்ளே தாழ் போட்டிருந்தான். நான் இந்தப் பக்கம் நின்று தட்டுகிறேன், பின்னால் முப்பது பேர் "கதவைத் திற, கதவைத் திற" என்று உச்சஸ்தாயியில் பாடுகிறார்கள். வாய் நிறைய ரொட்டியோடு வந்து திறந்தான்.

மறுநாள் காலை ஆயா மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "தம்பி, அந்தக் கடைசிப் பாட்டை அடுத்த வாரமும் போடு. ஒரே வரிதான், எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு."