மனுக்கள் குழுவுக்கு மனு கொடுத்த கதை

தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டு, வடசென்னையில் எங்கள் தெருவினர் எழுதிய மனு மூன்று முறை வீணாகி, நான்காவது முறைதான் முத்திரை பெற்றது. இடையில் நான்கு மாதங்கள் ஓடிவிட்டன. குற்றம் முழுவதும் அலுவலகத்தினுடையது என்று சொல்ல மாட்டேன்; பாதிக்குமேல் எங்கள் அறியாமைதான்.

மாலையில் மருத்துவர் இல்லாத எங்கள் சுகாதார நிலையத்தைப் பற்றிப் பேசப் போய்த்தான் இந்த விஷயத்திற்கு வந்தோம். எத்தனை மருத்துவர் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது எனத் தெருவில் ஒருவர் கேட்க, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடி எடுத்து வந்தார். அதில் கழிவுநீர் உண்டு, கொசு ஒழிப்பு உண்டு, தொற்றுநோய் அறிவிப்பு உண்டு, தாய்சேய் நலம் உண்டு, திருவிழாக் கூட்டங்களுக்கான ஏற்பாடுகூட உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் மட்டும் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனெனில் அந்த யோசனையை விரிவாக முன்வைத்த சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழுவின் அறிக்கை வந்ததே 1946இல்தான். நகரத்தில் 50,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறியே தவிர, மாநிலச் சட்டத்தின் பிரிவு அன்று. முகக்கவசம் அணியாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்க 2020இல் இதே சட்டத்தைத் திருத்த முடிந்தது என்றால் இதற்கும் திருத்த முடியும் என்பதே எங்கள் வாதம்.

முதல் முறை, யாரோ சொன்னார்கள் என்று திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வரிசையில் இரண்டரை மணி நேரம் நின்றோம். கைப்பேசிக்கு மனு எண் வந்தபோது மகிழ்ந்தோம். ஐந்து வாரம் கழித்து வந்த பதிலில், சம்பந்தப்பட்ட மருத்துவருக்குத் தக்க அறிவுரை வழங்கப்பட்டுவிட்டதாகவும் மனு முடித்து வைக்கப்பட்டதாகவும் இருந்தது. சட்டத்தைத் திருத்தக் கேட்ட மனுவுக்கு மருத்துவரைக் கண்டித்த பதில்! அந்த மருத்துவரை நேரில் பார்க்கவே எனக்குச் சில நாள் கூச்சமாக இருந்தது.

பிறகுதான் சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு பற்றிய அறிவிப்பு நாளிதழில் கண்ணில் பட்டது. அதை வெட்டி வைத்துக்கொள்ளாமல் மனு எழுத உட்காராதீர்கள். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். தனிநபர் குறை, நீதிமன்றத்தில் உள்ள வழக்கு, வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, அரசு அலுவலர்மீதான குறை ஆகியவை கூடாது. தமிழில் எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட்ட 5 நகல்கள் வேண்டும். இவற்றை ஒருமுறை படித்துவிட்டு, எல்லாம் புரிந்ததாக நினைத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் இரண்டு சரக்கு ரயில்களுக்குக் காத்திருந்து அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டாகிவிட்டது. எழுத்தர் மனுவின் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை. "சார், இதுல ரெண்டு துறை வருது. எது வேணுமோ ஒண்ணு எழுதிட்டு வாங்க" என்றார். சென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களை மாநகராட்சி நடத்துகிறது. மாநகராட்சி வருவது நகராட்சி நிர்வாகத் துறையின்கீழ். பொது சுகாதாரச் சட்டமோ மக்கள் நல்வாழ்வுத் துறையின் பொறுப்பு. சட்டத்தைத் திருத்துங்கள் என்று ஒரு பத்தியும், காலியாக உள்ள ஆய்வக நுட்பநர் பணியிடத்தை நிரப்புங்கள் என்று அடுத்த பத்தியும் எழுதியிருந்தோம். ஒரே கட்டடத்தைப் பற்றி இரண்டு துறைகளிடம் கேட்க வேண்டியிருப்பதே சட்டம் பழையதாக இருப்பதால்தான் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் அடுத்தவரின் தாளை வாங்கிக்கொண்டார். அன்று எனக்கு வந்த கோபத்தில் ரயில்வே கேட் வரை நடந்தே வந்துவிட்டேன். இப்போது யோசித்தால் அவர் சொன்னதே சரி.

தலைமையாசிரியர் மனுவைப் பாதியாகக் குறைத்தார். ஆய்வக நுட்பநரும் மாலை நேர மருத்துவரும் போனார்கள். நகர உள்ளாட்சி நடத்தும் நிலையங்களையும் உள்ளடக்கி ஆரம்ப சுகாதார நிலையம் என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் சேர்க்க வேண்டும், மக்கள்தொகைக்கேற்ற எண்ணிக்கையையும் பணியாளர் அளவையும் விதிகளில் நிர்ணயிக்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கை மட்டும் மிஞ்சியது. மனுவின் தலைப்பில் நிலையத்தின் பெயரை எழுதாமல் சட்டத்தின் பெயரை எழுதியதும் அவர் யோசனைதான். தலைப்பில் நிலையத்தின் பெயர் இருந்தால் அது உடனே உள்ளூர்ப் புகாராகிவிடும் என்பதை முதல் மனுவின் பதிலிலிருந்து அவர் கண்டுகொண்டிருந்தார்.

மூன்றாம் முறை போனதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கையொப்பமிட்ட ஒரு பிரதியை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து நான்கு நகல்கள் எடுத்துச் சென்றிருந்தேன். ஐந்திலும் அசல் கையொப்பமும் தேதியும் வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். அறிவிப்பில் கொடுத்திருந்த கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு நாள்கள்தான் இருந்தன. பதினோரு பேரை வீடு வீடாகப் பிடித்ததில், மீன் விற்கப் போய்விட்ட ஒரு பாட்டிக்காக மட்டும் இரவு ஒன்பது மணிவரை காத்திருந்து, ஐந்து தாள்களிலும் அவருடைய கைநாட்டை வாங்கினோம்.

நான்காம் முறை பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆறாவதாக ஒரு பிரதியையும் எடுத்துப் போயிருந்ததால், அதில் தேதி முத்திரை இட்டுத் தருமாறு கேட்டேன். சிறிது முகம் சுளித்தாலும் அதே எழுத்தர் இட்டுக் கொடுத்தார். வெட்டியெடுத்த இரண்டு பத்திகளையும் நகராட்சி நிர்வாகத் துறைக்குத் தனி மனுவாகத் தலைமையாசிரியர் எழுதி முடித்துவிட்டார். பாட்டியிடம் மறுபடியும் ஐந்து கைநாட்டு கேட்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.