உறைமண்ணின் மேல் ஒரு வீடு: இக்காலுயிட் நாட்குறிப்பு

2024 ஜூன் 18, இக்காலுயிட்

இன்றைய பகல் வீடுகளின் அடியிலேயே கழிந்தது. கனடாவின் வடகோடிப் பகுதியான நுனாவுட்டின் தலைநகரான இவ்வூரில் வீடுகள் தரையில் அமர்வதில்லை. பாறைவரை இறக்கிய எஃகுத் தூண்களின் மேலோ, சரளைமேட்டில் வைத்த திருகு ஜாக்கிகளின் மேலோ, ஆள் குனிந்து நுழையும் உயரத்தில் நிற்கின்றன. கீழே கிடப்பது பெர்மாஃப்ராஸ்ட் எனப்படும் நிலையான உறைமண். கோடையில் அதன் மேற்பரப்பு மட்டும் இளகி மீண்டும் உறையும். அதற்குக் கீழே உறைந்திருக்கும்வரை பாரத்தைத் தாங்கும். வீட்டுச் சூடு இறங்கி, மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டி உருகிவிட்டால் அதே மண் சேறாகித் தாழும். குடியிருப்போரைக் குளிரிலிருந்து காப்பதற்கு முன், மண்ணை வீட்டிடமிருந்து காத்தாக வேண்டும்.

பராமரிப்புப் பணியாளர் ஒருவருடன் சென்றேன். கதவின் தாழ் சரியாக விழவில்லை என்று புகார் வந்தால், அவர் கதவைப் பார்க்காமல் நேரே அடியில் நுழைகிறார். ரசமட்டக் குழாயை இரு மூலைகளில் பிடித்து, தாழ்ந்த மூலையின் ஜாக்கியில் நீண்ட ஸ்பேனரை மாட்டிக் கால் சுற்று திருப்பிவிட்டுக் காத்திருக்கிறார். மேலே சுவர்ப்பலகை முனகும் ஓசை அடங்கியபின்தான் அடுத்த கால் சுற்று. அவசரப்பட்டால் சன்னல் கண்ணாடி விரிசல் விடும் என்றார். நிலம் அசையும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அடித்தளம் இது என்பதால், என் வரைபட மேசையில் உருவான பல நுட்பங்களைவிட இதுவே எனக்கு உயர்வாகப் படுகிறது.

ஜூன் 20

காற்றைப் பற்றி நாள் முழுவதும் பேச்சு. தரைக்கும் வீட்டுக்கும் இடையிலான வெளியில் குளிர்காலக் காற்று தடையின்றி ஓடினால், அது மண்ணையும் குளிர்விக்கும், பனியையும் அள்ளிச் செல்லும். குளிர் புகாமலிருக்க யாரேனும் அந்த இடைவெளியைப் பலகையால் மூடிவிட்டாலோ, படகையும் பழைய சாமான்களையும் அங்கே அடுக்கிவிட்டாலோ, மண் குளிர்வது நின்றுபோகும். வீட்டோரம் குவியும் பனியும் இதே கேட்டைச் செய்கிறது: நிலத்தின் மேல் கம்பளிபோல் கிடந்து, குளிர்காலக் குளிர் மண்ணுக்குள் இறங்காமல் தடுக்கிறது. ஆகவே காற்று எத்திசையிலிருந்து அடிக்கிறது, பனி எந்தப் பக்கத்தில் மேடாகும் என்று அறிந்த பிறகே வாசலின் இடத்தை முடிவுசெய்ய வேண்டும்; காற்று மறைவில் அமைத்த வாசல் ஒரே பனிப்புயலில் மூடிப்போகும்.

ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களின் கீழ் உறைமண் நலிவதை எவ்வாறு சமாளிப்பது என்பதற்கே கனடாவில் 2014 முதல் தனித் தரநிலை உண்டு. கனடியத் தரநிலைச் சங்கம் (சிஎஸ்ஏ) வெளியிட்ட அதன் எண் சிஎஸ்ஏ எஸ்501. பனியை வாருவதும், மழைநீரும் உருகுநீரும் அடித்தளத்தருகே தேங்காமல் வடித்துவிடுவதும் போன்ற வேலைகளை அது வலியுறுத்துகிறது. மண்வெட்டியால் செய்யக்கூடிய வேலைகள் ஒரு பொறியியல் தரநிலையில் இடம்பெற்றிருப்பது எனக்கு மகிழ்ச்சியே.

ஜூன் 24

பெரிய கட்டடங்களின் அடியில் மண்ணைக் குளிர்விக்கத் தெர்மோசைஃபன். மூடிய எஃகுக் குழாய், அதற்குள் அழுத்தத்தில் அடைத்த கார்பன் டையாக்சைடு. மண்ணிலுள்ள வெப்பத்தால் கீழ்முனையில் திரவம் ஆவியாகி மேலேறுகிறது. வெளியே நீட்டி நிற்கும் தகடுகளில் குளிர்காலக் காற்று பட்டதும் மீண்டும் திரவமாகி வழிந்து இறங்குகிறது. மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. வெளியே மண்ணைவிட வெப்பம் கூடும் கோடையில் தானே ஓய்ந்துவிடும். ஆனால் குளிர்காலம் சுருங்கச் சுருங்க, மண்ணிலிருந்து அது வெளியேற்றும் வெப்பமும் குறையும். 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது என்று 2022இல் வந்த ஆய்வு கூறுகிறது. கடந்த காலத்தின் வெப்பநிலைப் பட்டியலை வைத்துக் கணக்கிட்டால், கட்டடத்தின் ஆயுள் முடியுமுன்னே கணக்கு பொய்த்துவிடும்.

ஜூன் 27

நகாசுக் பள்ளியைச் சுற்றிவந்தேன். 1970களின் கண்ணாடியிழைப் பலகைக் கட்டடம்; சன்னல்கள் மிகக் குறைவு. வெப்ப இழப்பைக் குறைக்க அது உதவும் என்பது சரிதான், ஆனால் குழந்தைகள் படிக்கும் இடம் என்று எண்ணும்போது மனம் ஒப்பவில்லை.

அதே பத்தாண்டில்தான் கட்டடக் கலைஞர் ரால்ஃப் எர்ஸ்கின், இன்னும் வடக்கேயுள்ள ரெசொலூட் பே ஊருக்காக வரைந்த திட்டமும் வந்தது: காற்றைத் தடுக்கும் மதில்போல் நீண்ட குடியிருப்பு வரிசை, அதன் அணைப்பில் தனி வீடுகள். தட்பவெப்பத்தை நன்கு படித்த கலைஞரின் வேலை அது. எனினும் சிறு பகுதி மட்டுமே எழும்பித் திட்டம் நின்றுபோயிற்று. 1953இல் ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் குடும்பங்களை அரசு தெற்கிலிருந்து கொண்டுவந்து இறக்கிய ஊர் அது என்பதையும் மறக்க முடியவில்லை.

ஜூலை 3

ஒரு குடும்பத்தின் சமையலறையில் அட்டைப்பெட்டியை விரித்துத் தரையில் சீல் என்னும் கடல்விலங்கை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டியம்மா ஊலு என்னும் பிறைக்கத்தியால் தோலிலிருந்து கொழுப்பை வழித்தார். அடுப்பு மேடையும் சாப்பாட்டு மேசையும் ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. தெற்கத்திய வரைபடத்தில் வந்த அந்தக் குறுகிய சமையலறையில் நான்கு பேர் சேர்ந்து உட்கார இடமில்லை. வேட்டை உடுப்புகளுக்கும் இறைச்சிக்கும் வெப்பமூட்டாத முகப்பறை வேண்டும். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

2016 கணக்கெடுப்பின்படி இனுயிட் தாயகத்தில் வாழும் இனுயிட் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நெரிசலான வீடுகளில் இருக்கிறார்கள். அத்தனை பேரின் மூச்சும் சமையலின் ஆவியும், காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டிய வீட்டில் எங்கே போகும்? அதற்காகவே வெப்பமீட்புக் காற்றோட்டக் கருவி வைக்கிறோம். வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு அது மாற்றித்தருகிறது. கடுங்குளிரில் அந்த ஈரமே கருவிக்குள் உறைந்து அடைத்துக்கொள்கிறது. சத்தமும் குளிர்வாடையும் தாளாமல் வீட்டார் அதை நிறுத்திவிடுகிறார்கள்; பிறகு சன்னலோரம் பூஞ்சணம். குற்றம் வீட்டார்மேல் அல்ல, வடிகட்டியை மாற்ற ஏணி கேட்கும் இடத்தில் கருவியை மாட்டிய எங்கள்மேல்.

வடக்குக் கியூபெக்கில் 2012இல் குஜ்ஜுவாக் ஊரில் மக்களோடு அமர்ந்து பேசி, 2015இல் குவாக்டாக் ஊரில் மாதிரி இரட்டைவீடு கட்டினார்கள். பேச்சுக்கும் கட்டடத்துக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தை வீணென்று நான் கருதமாட்டேன்.

ஜூலை 15

விரிகுடாவில் பனி விலகிவிட்டது. நுனாவுட்டின் 25 ஊர்களில் எதற்கும் வெளியூர்ச் சாலை கிடையாது. மரமும் எஃகும் வெப்பக்காப்புப் பலகையும் கோடைக் கப்பலில் வந்தால்தான் உண்டு. இக்காலுயிட்டுக்கு 2023இல் ஆழ்கடல் துறைமுகம் கிடைத்தது. பல சிற்றூர்களில் இன்னும் கப்பலைக் கரையிலிருந்து தள்ளி நிறுத்தி, மிதவைகளில் சரக்கை இறக்குகிறார்கள். கடைசிக் கப்பலில் விடுபட்ட உதிரிப்பாகம் விமானத்தில் வரலாம், ஆனால் கட்டணம் வாயைப் பிளக்கவைக்கும். பெரிய பொருளானால் அடுத்த ஆண்டுதான்.

எனவே இன்று பொருள்பட்டியலைத் திருத்தினேன். காற்றோட்டக் கருவியை இடுப்புயரத்துக்கு இறக்கி, ஏற்கெனவே ஊரில் பழகிய மாதிரியையே குறித்தேன். ஜாக்கிகளின் திருகு அளவு எல்லா வீடுகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எழுதினேன். உபரி வடிகட்டிகளையும் மரையாணிகளையும் முதல் கொள்கலனிலேயே ஏற்றும்படி சேர்த்தேன். முகப்பறையை வெட்டச் சொல்லும் கடிதம் அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறது. மறுத்து எழுதுவதற்குக் காரணங்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன்.