இனிப்பில்லாத ஷாம்பெயின், ஏற்காட்டில்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்த மாவட்டம் சேலம். ராஜாஜியின் ஆட்சியில், 1937 அக்டோபர் 1 அன்று அது தொடங்கியது. அந்த ஊர்க்காரனாகிய நான் ஷாம்பெயினைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சில பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆண்டுக்கு ஓரிரு முறை, அதுவும் நாலு பேர் பகிர்ந்து ஒரு பாட்டில் என்ற அளவில் குடிப்பவனுக்கும் ருசி பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கத்தான் செய்கிறது.

ஷாம்பெயினில் சர்க்கரை இரண்டு முறை சேர்க்கப்படுகிறது. முதலில், நுரையில்லாத புளிப்பான ஒயினோடு லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து பாட்டிலில் அடைத்து மூடிவிடுகிறார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரை முழுவதையும் தின்று தீர்க்க, வெளியேற வழியில்லாத கரியமில வாயு ஒயினிலேயே கரைந்து, பாட்டிலுக்குள் 6 வளிமண்டல அழுத்தம் உருவாகிறது. மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ கிடந்தபின், அடியில் தங்கிய ஈஸ்ட் கசடைப் பாட்டிலின் கழுத்துக்குக் கொண்டுவந்து வெளியேற்றுவார்கள். அப்போது குறைந்துபோன அளவை நிரப்ப, சர்க்கரை கரைத்த ஒயினைச் சிறிது ஊற்றுவதுதான் டோசேஜ் எனப்படும் இரண்டாவது சேர்ப்பு. இந்த இரண்டாவது சர்க்கரையை ஊற்றாமல் விட்டு, மிச்சமிருக்கும் இனிப்பும் லிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே இருந்தால், அந்தப் பாட்டிலின் மேல் 'ப்ரூட் நேச்சர்' என்றோ 'ஜீரோ டோசேஜ்' என்றோ அச்சிடலாம். வழக்கமான 'ப்ரூட்' வகையில் 12 கிராம் வரை இருக்கலாம். 'டிரை' என்றால் இனிப்பில்லாதது என்று பொருள், ஆனால் 'எக்ஸ்ட்ரா டிரை' என்பது ப்ரூட்டைவிடவும் இனிப்பானது. பெயரை நம்பி வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பழைய காலத்தில் இப்படி யாரும் குடிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யாவுக்குப் போன ஷாம்பெயின் பாகு போல இனித்தது. இனிப்புக் குறைந்ததைக் கேட்டு வாங்கியவர்கள் லண்டன்காரர்கள். அவர்களுடைய நாக்குக்காக ஷாம்பெயின் தயாரிப்பாளரான மேடம் பொம்மெரி 1874-இல் ப்ரூட் வகையை வெளியிட்டார். லோரான்-பெர்ரியே நிறுவனம் அதே நூற்றாண்டின் இறுதியில் சர்க்கரையே இல்லாத ஒன்றை விற்றுப் பார்த்து, பிறகு கைவிட்டு, 1981-இல் 'அல்ட்ரா ப்ரூட்' என்ற பெயரில் மீண்டும் கொண்டுவந்தது. இன்று இந்த வகை பெருகியிருப்பதற்கு ரசனை மட்டும் காரணமல்ல. ஷாம்பெயின் வட்டாரம் பிரான்சின் வடக்கில், குளிரான பகுதியில் இருப்பதால் முன்பெல்லாம் திராட்சை சரியாகப் பழுக்காது. அந்தப் புளிப்பை அடக்கச் சர்க்கரை தேவைப்பட்டது. இப்போது வெயில் கூடி, பழம் நன்றாகப் பழுத்து, அறுவடையும் முன்கூட்டியே வந்துவிடுவதால், சர்க்கரை இல்லாமலும் ஒயின் சமநிலையோடு நிற்கிறது.

சர்க்கரை போடாமல் குடித்தால்தான் ஏற்காட்டுக் காப்பிக்கொட்டை எப்படி வறுபட்டது என்பது தெரியும், இங்கேயும் அப்படித்தான். மட்டமான ஒயின் டோசேஜுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், ப்ரூட் நேச்சரில் அதற்கு இடமில்லை. அதற்காக, சர்க்கரை இல்லாதது எல்லாமே உயர்ந்தது என்று சொல்லும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். பழம் பழுக்காமல் பறித்து, ஈஸ்ட்டோடு போதிய காலம் வைக்காமல் அவசரமாக விற்கப்படும் ஜீரோ டோசேஜ் வெறும் எலுமிச்சைத் தண்ணீர்தான். ஸ்பெயினின் ரெக்காரெதோ போல, எல்லா நுரை ஒயினையும் ப்ரூட் நேச்சராகவே செய்து, நீண்ட காலம் பாட்டிலில் வைத்து வெளியிடும் தயாரிப்பாளர்களிடம் இந்தக் குறை வருவதில்லை.

பாரிசில் வேலை பார்க்கும் மச்சான் ஊருக்கு வரும்போது, விமான நிலையத்தில் அனுமதிக்கும் 2 லிட்டருக்குள் அடங்கும்படி இரண்டு பாட்டில் ப்ரூட் நேச்சர் ஷாம்பெயின் கொண்டுவந்திருந்தார். சேலத்துச் சித்திரை வெயிலில் அதைத் திறப்பது வீண் என்பதால் ஏற்காட்டுக்கு எடுத்துப் போனோம். பக்கெட்டில் ஐஸ் மட்டும் போடாமல் தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் சேர்த்தால் அரை மணி நேரத்துக்குள் பாட்டில் நன்றாகக் குளிர்ந்துவிடும். கம்பிக் கூட்டை ஆறு அரைச் சுற்றுகள் திருப்பித் தளர்த்தி, கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருப்ப வேண்டும். கல்யாண மண்டப வெடிச்சத்தம் எழுப்பினால் பாதி தரைக்குத்தான் போகும். முதல் மடக்கில் நார்த்தங்காய்த் தோலின் காரமான மணமும், அதற்குப் பின்னால், ஈஸ்ட்டோடு கிடந்ததால் வந்த பேக்கரி பன் வாசனையும் எழுந்தன. விழுங்கியபின் நாக்கின் ஓரத்தில் லேசான உப்புச்சுவை தங்கியது. பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னப்பா இது, சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்குது?" என்றார். ஷாம்பெயின் விளையும் நிலத்தில் சுண்ணாம்புப் பாறைதான் பெரும்பகுதி என்று சொன்னதும், தன் நாக்கு தப்பாகச் சொல்லாது என்று மகிழ்ந்துபோனார்.

உடன் சாப்பிட எடுத்துப்போன தட்டுவடை செட் எனக்கு ஒரு பாடமாகவே அமைந்தது. மொறுமொறுப்பான தட்டுவடையும், துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் இந்த ஒயினோடு அழகாகப் போயின. பூண்டுக் காரச் சட்னியோடு போகவில்லை, ஏனென்றால் ஆல்கஹாலும் நுரையும் மிளகாயின் எரிச்சலைக் கிளப்பிவிடும், தணிக்க இனிப்பும் கிடையாது. காரத்தைக் குறைத்து, உப்பும் எண்ணெயும் முன்னால் நிற்கும்படி வறுத்த மேட்டூர் அணை மீனோடு குடித்தபோதுதான் ஒயினின் புளிப்பு எதற்காக இருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. மல்கோவா மாம்பழத்தை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த இனிப்புக்கு அடுத்த வாயில் ப்ரூட் நேச்சர் காடியாகிவிடும். மாம்பழத்துக்கு, லிட்டருக்கு 32 முதல் 50 கிராம் வரை சர்க்கரை உள்ள 'டெமி-செக்' வகைதான் பொருத்தம்.

கடைசியாக, சர்க்கரை நோயுள்ள உறவினர்கள் "இனிப்பில்லாததுதானே, குடிக்கலாமா?" என்று கேட்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். சேர்க்காமல் விட்டது ஒரு கோப்பைக்கு ஒரு கிராம் அளவுள்ள சர்க்கரைதான். ஆல்கஹால் 12 சதவீதம் அப்படியே இருக்கிறது, அதில் ஒவ்வொரு கிராமுக்கும் 7 கலோரி உண்டு. சர்க்கரை நோய் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்கு மது ரத்தச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தவும் செய்யலாம். அவர்கள் கேட்க வேண்டியது மருத்துவரை, என்னை அல்ல.