எல்லை தாண்டிய வலது கால் ஷூ

எங்கள் வீட்டு மனுஷருக்கு உடம்பில் எது நடந்தாலும் அதற்கு ஒரு விஞ்ஞானக் காரணம் இருந்தாக வேண்டும். தும்மினால்கூட மகரந்தம், ஈரப்பதம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் விசாரித்த பிறகுதான் மூக்கைத் துடைப்பார். அவரை மோன் பிளாங் மலையைச் சுற்றி நடக்கக் கிளப்பிவிட்ட புண்ணியம் கொழுந்தனைச் சேரும். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாட்டு மண்ணையும் மிதிக்கிற பாதை. சுமார் 170 கிலோமீட்டர், ஏறுகிற ஏற்றத்தை எல்லாம் கூட்டினால் 10,000 மீட்டர்.

பத்துப் பதினோரு நாள் நடக்கிற இந்தப் பாதையை ஒட்டியே வருஷா வருஷம் கோடை முடிவில் ஓட்டப் பந்தயமும் நடக்கிறது. ஜெயித்தவர்களில் சிலர் 20 மணி நேரத்துக்குள் முடித்திருக்கிறார்கள். இந்தத் தகவலைக் கொழுந்தன் எங்களுக்குச் சொல்லத் தேர்ந்தெடுத்த நேரம் முதல் பெரிய ஏற்றத்தின் பாதி. நான் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டிருந்தேன். "அண்ணி, வெறும் 20 மணி நேரம்!" அடுத்த கணவாய் வரைக்கும் அவனோடு நான் பேசவில்லை. கோபம் பாதி, மூச்சு இல்லாதது பாதி.

கைடு பெண் முன்னால் போவாள். அவள் போகிற வேகத்தைப் பார்த்தால் இன்னும் தூக்கம் தெளியவில்லையோ என்று தோன்றும். மதியம் பார்த்தால், அவளை முந்திக்கொண்டு துள்ளிப் போனவர்கள் எல்லாம் புல்லில் மல்லாந்து கிடப்பார்கள். அவள் மட்டும் காலையில் கிளம்பிய அதே முகத்தோடு நிற்பாள்.

மலைக்குடில்களில் எங்கே போனாலும் சட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வாசலிலேயே ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். உள்ளே நடமாடக் கூடை நிறைய ரப்பர் செருப்பு இருக்கும், எதுவும் சோடியாக இருக்காது. கம்பளிக்குள் விரித்துப் படுக்க மெல்லிய துணிப்பை நாம் கொண்டுபோக வேண்டும். சாப்பாடு அவர்கள் சொன்ன நேரத்தில். பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். அதன் பிறகு டார்மிட்டரியில் கேட்கிற சத்தங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஷூ கதைக்கு வரவே முடியாது.

முதல் குடிலிலேயே ஓரகத்தி தன் ஷூ இரண்டிலும் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டினாள். எனக்கும் கட்டிவிட்டாள். "என்னங்க, அலமாரியில பாதி ஷூ உங்களோடது மாதிரியே இருக்கு. ஒரு நூல் கட்டிக்குங்களேன்" என்றேன். "என் ஷூ எனக்குத் தெரியாதா?" என்றார். கல்யாண மண்டபத்திலிருந்து வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தாலிப் பக்கம், ஃபெரே பள்ளத்தாக்குக்கு மேலே 2,025 மீட்டர் உயரத்தில் பொனாட்டி குடில். எதிரே கிராண்ட் ஜோராஸ் சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. பார்த்தால் சாப்பாடே வேண்டாம் போலிருக்கும் (ஆனாலும் சாப்பிட்டோம், இரண்டாவது தடவை கேட்டும் வாங்கினோம்). வால்டர் பொனாட்டி என்ற இத்தாலிய மலையேறியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1954இல் கே2 சிகரம் ஏறப்போன குழுவுக்கு ஆக்சிஜன் சுமந்துபோய், 8,000 மீட்டருக்கு மேலே கூடாரம்கூட இல்லாமல் ஒரு ராத்திரி முழுக்கப் பனியில் உட்கார்ந்திருந்து, உயிரோடு இறங்கி வந்தவர். கூட இருந்த, பாகிஸ்தானின் ஹூன்சாப் பகுதிக்காரர் அமீர் மெஹ்திக்குக் கால்விரல்கள் போயின. சாப்பாட்டு மேசையில் கைடு இதைச் சொல்லச் சொல்ல, எங்கள் வீட்டு மனுஷர் உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை அதே வீட்டு வாசலில் உட்கார்ந்து "ஐயோ, என் கட்டைவிரல்!" என்றார்.

இடது கால் ஷூ சமர்த்தாக ஏறிவிட்டது. வலது ஏறவில்லை. அழுத்திப் பார்த்தார், தரையில் தட்டிப் பார்த்தார். அப்புறம் முகத்தில் அந்தத் தெளிவு வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்குகிற தெளிவு. "உயரம் போகப் போகக் கால் வீங்கும். காத்தழுத்தம் குறையுதில்ல?" என்றார். "அப்ப ஏன் ஒரு கால் மட்டும்?" என்று கேட்டேன். "ராத்திரி வலது பக்கம் சாஞ்சு படுத்தேன்." கொழுந்தனும் தலையாட்டினான். அண்ணன் சொன்னால் இவனுக்கு ஆதாரமே தேவையில்லை. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் லேசை முழுக்க உருவச் சொன்னார். இன்னொருத்தர் காலைத் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்ல, பெஞ்சில் படுத்தும்விட்டார்.

கைடு பெண் வந்தாள். ஷூவை வாங்கி, நாக்குப் பட்டையை மடக்கி அளவைப் பார்த்தாள். 42. இடதை வாங்கிப் பார்த்தாள். 43.

யாரும் பேசவில்லை. ஓரகத்தி மட்டும் குனிந்து தன் சிவப்பு நூலை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டினாள். அதைவிடப் பெரிய வசனம் எதையும் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அதே மாடல், அதே சாம்பல் நிறம். விடியற்காலையில் கிளம்பிப் போன வேறொரு குழுவில் யாரோ ஒருத்தர், தன் இடதையும் நம் வலதையும் மாட்டிக்கொண்டு போய்விட்டார். வேறு வழியில்லை. கைடு அந்த 42க்குள் பாதத்துக்கு அடியில் இருந்த இன்சோலை உருவி எடுத்தாள். காலை அச்செடுத்துச் செய்தது போலிருந்தது. ஆரஞ்சு நிறம், பாதத்தின் வளைவுக்கு ஒரு மேடு, குதிகாலில் ஒரு விரல் தடிமன். அதை எடுத்ததும் மெல்லிய காலுறையோடு கால் எப்படியோ உள்ளே போனது. அங்கிருந்து பாதை முதலில் 1,769 மீட்டரில் இருக்கும் ஆர்னுவாவுக்கு இறங்குகிறது. ஷூ சின்னதாக இருந்தால் ஏற்றத்தில் சமாளிக்கலாம், இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் விரல் முன்னால் போய் முட்டும். அவர் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினார். எதிரே வந்தவர்கள் ஏதோ புது உத்தி என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை. எலெனா குடில் பக்கத்தில்தான் கைடுக்குப் போன் கிடைத்தது. முன்னால் போன குழுவின் கைடு அவளுக்குத் தெரிந்தவர். இரண்டு வார்த்தை பேசினாள், அப்புறம் போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். விஷயம் இதுதான். நம் ஷூவைப் போட்டிருப்பவர் ஒரு பெல்ஜியத் தாத்தா. காலையிலிருந்து வலது ஷூ லொடலொடவென்று இருக்க, நடந்து நடந்து தான் இளைத்துவிட்டதாகக் குழு முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாராம். கணவாய் வந்ததும் தன் மனைவியிடம், "பார், கால்கூட மெலிஞ்சுடுச்சு" என்று நீட்டியும் காட்டினாராம்.

கிராண்ட் கோல் ஃபெரே கணவாய், 2,537 மீட்டர். இந்தப் பக்கம் இத்தாலி, அந்தப் பக்கம் சுவிட்சர்லாந்து. காற்று காதைப் பிய்க்கிறது. அவர்கள் சுவிஸ் பக்கச் சரிவில் காற்றுக்கு மறைவாகக் காத்திருந்தார்கள். அதாவது, எங்களுக்கு முன்பே எங்கள் வலது கால் ஷூ வெளிநாடு போயிருந்தது. பாஸ்போர்ட் பார்க்க அங்கே யாரும் இல்லை, இருந்தால் அதையும் காட்டச் சொல்லியிருப்பார்கள். இரண்டு ஆண்களும் புல்லில் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு ஷூவைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்கள். "சாரி." "நோ நோ, பார்டோன்." "நோ, மை மிஸ்டேக்." மூன்றாவது நாடு ஒன்று வந்து சமரசம் செய்தால்தான் முடியும் போலிருந்தது. சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது, யாரோ படமும் எடுத்தார்கள்.

தாத்தாவின் மனைவி அதில் எல்லாம் கலந்துகொள்ளவில்லை. என் ஷூவில் இருந்த சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் காலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். அவர் ஷூவில் மஞ்சள் ரிப்பன். இரண்டிலும், முடிச்சுப் போட்டு, நுனி வெட்டி. புருஷனை ஒரு பார்வை பார்த்தார், என்னைப் பார்த்தார். பிரெஞ்சு எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டோம்.

இறக்கத்தில் எங்கள் மனுஷருக்கு வாய் நிற்கவில்லை. சுவிஸ் பக்கம் மஞ்சள் பலகைகளில் தூரத்தைவிட நேரத்தைத்தான் போடுகிறார்கள். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடப்போம் என்று வைத்துப் போட்ட கணக்கு, ஓய்வு எடுக்கிற நேரம் அதில் சேராது. ஷூ மாற்றுகிற நேரமும் சேராது என்பதால் தாமதத்துக்குத் தான் பொறுப்பில்லை என்று நிரூபித்துக்கொண்டே வந்தார். "அந்த ஆளோட ஷூ இருக்கே, என்னோடதைவிட நல்லா பழகின ஷூ" என்று ஒரு குறை வேறு. காலையில் ஐயோ என்றது அதே ஷூவுக்குள் இருந்துதான்.

லா ஃபூலி கிராமம் போய்ச் சேர்ந்து, யூரோவை எல்லாம் உள்ளே தள்ளிவிட்டு ஃபிராங்க் தேடிக்கொண்டிருந்தேன். அவர் பையின் பக்கவாட்டு ஜிப்பில் கைவிட்டால் ஏதோ மெத்தென்று பட்டது. வெளியே இழுத்தேன். ஆரஞ்சு நிறம், வளைவுக்கு ஒரு மேடு, குதிகாலில் ஒரு விரல் தடிமன்.

கைடு பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் மறுபடியும் போன் போட்டாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எங்களிடம் திரும்பினாள். கணவாயிலிருந்து இறங்கியதிலிருந்து தன் வலது கால் குட்டையாகிவிட்டதாகத் தாத்தா புலம்பிக்கொண்டிருக்கிறாராம்.

எங்கள் வீட்டு மனுஷர் கொஞ்சம் யோசித்தார்.

"உயரம் காரணமா இருக்கலாம்" என்றார்.