மூன்றாம் தடவை தலை சுற்றிய பிறகுதான் வைட்டமின் டி பார்த்தேன்

அலாரத்தை அணைக்க வலது பக்கம் புரண்டேன், அவ்வளவுதான், ஓடாமல் கிடந்த மின்விசிறி கூரையோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். அரை நிமிஷத்தில் அடங்கியது. முதல் தடவை வந்தபோது பக்கவாதமோ என்று பயந்து நடுங்கினேன், இது மூன்றாவது என்பதால் பயத்தைவிட எரிச்சல்தான்.

உட்காதில் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன, கால்சியம் கார்பனேட். அதில் கொஞ்சம் உதிர்ந்து பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், படுக்கும்போதும் புரளும்போதும் அங்கிருக்கும் திரவத்தைத் தள்ளிக்கொண்டு நகரும். தலை நின்றுவிட்டது, துகள் நிற்கவில்லை. மூளை துகளை நம்பிவிடுகிறது.

அதனால் இதற்கு முதல் வைத்தியம் மாத்திரை இல்லை. டாக்டர் என் தலையை 45 டிகிரி திருப்பிப் பிடித்துக்கொண்டு மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே தொங்க, என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஆடியது, அதுதான் சாட்சி. அப்படியே தலையை மறுபக்கம் திருப்பி, உடம்பையும் புரட்டி, மெதுவாக எழுப்பி உட்காரவைத்தார். இதற்குப் பெயர் எப்லி முறை. வாந்தி வருகிற மாதிரி இருந்தது, ஆனால் துகள் இடத்துக்குத் திரும்பிவிட்டது.

சரி, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டதற்குத்தான் ரத்தப் பரிசோதனை. வைட்டமின் டி 11, அதாவது மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம். 20-க்குக் கீழே போனாலே குறைவு. காதுத் துகளும் கால்சியத்தால் ஆனதுதானே, அந்தக் கணக்கைச் சரியாக வைத்திருக்க வைட்டமின் டி வேண்டும் என்பது வாதம். 2020-ல் கொரியாவில் இதே தலைச்சுற்றல் வந்த 957 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. ஒரு பிரிவினருக்கு அளவு பார்த்து, 20-க்குக் கீழே இருந்தவர்களுக்கு மட்டும் 400 யூனிட் வைட்டமின் டியும் 500 மில்லிகிராம் கால்சியமும் தினம் இரண்டு வேளை, ஒரு வருஷம். அந்தப் பிரிவில் ஆளுக்கு வருஷத்துக்கு 0.83 தடவை திரும்ப வந்தது, எதுவும் தராத பிரிவில் 1.10. குறைகிறது, நிற்கவில்லை. அந்த இன்னொரு பிரிவுக்குப் போலி மாத்திரைகூடத் தரவில்லை என்பது எனக்கு ஒரு நெருடல். ஆனால் 10-க்கும் கீழே இருந்தவர்களுக்குப் பலன் கூடுதலாம், நான் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

இதைப் படித்துவிட்டு அளவு பார்க்காமல் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், வைட்டமின் டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, கை கால் இழுத்தாலோ அது வேறு கதை, உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

எட்டு மாதமாக எனக்கு வரவில்லை. நான் போட்டுவரும் வைட்டமின் டி மாத்திரையால்தானா என்றால், இதற்கு முந்தைய இடைவெளி ஒரு வருஷத்துக்கும் மேல், அதனால் இப்போதே சொல்ல முடியாது. அலாரத்தை மட்டும் இடது பக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.